பண்டாரியின் நாக்கு

பேகம்பூர்ப் பக்கம் கல்யாணம் பேசி முடித்தால் பெண் வீட்டார் முதலில் பள்ளிவாசலில் போய் நாள் சொல்வார்கள். அடுத்து அப்துல் லத்தீப் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கல்யாணச் சோறு ஆக்குகிற பண்டாரி லத்தீப் அடுப்புக்கு வரச் சம்மதித்தால்தான் அந்த நாள் நிச்சயம். இருநூறு பேருக்குச் சோறானாலும் ஆயிரம் பேருக்கானாலும் மனுசர் தராசைத் தொடமாட்டார். கையால் அள்ளிப் போடுவார். அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்குவார். கண்ணை மூடி, "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் அதற்குமேல் அந்தத் தேக்சா அண்டாவில் ஒரு கல் உப்புப் போட திண்டுக்கல்லில் ஒருத்தருக்கும் அதிகாரம் கிடையாது.

"எம்பொண்டாட்டி பொய் சொல்லுவா, நானும் சொல்லுவேன், என் நாக்கு மட்டும் பொய் சொல்லாது" என்று பெருமை பேசுவார்.

அவர் பெண்டாட்டி சர்புன்னிசா பொய் சொல்லுகிறவள் இல்லை. அதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. ஏனென்றால் அந்த வீட்டில் பொய் சொன்னது யார் என்பதுதான் பின்னால் பெரிய வழக்காகப் போனது.

அறுபத்தொண்ணாம் வருசம், புரட்டாசி மாதம். ஒரு கல்யாண வீட்டில் அடுப்பிலிருந்து தெறித்த கங்கு லத்தீப்பின் வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலில் விழுந்தது. பண்டாரிக்குக் கங்கு புதுசா? எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. மஞ்சளை வைத்தார், தேங்காய் எண்ணெயை வைத்தார், பீடிச் சாம்பலைக்கூட வைத்தார். அது பாட்டுக்கு ஈரமாகவே இருந்தது. இன்னொன்றையும் சர்புன்னிசா கவனித்தாள். கொல்லையில் அவர் ஒதுங்குகிற மூலையில் எறும்பு சாரி சாரியாக வந்தது. மறுநாள் காலையில் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினாள், புருசனைக் கிளப்பி டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார், நீரைச் சோதிக்கச் சொன்னார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சக்கரை வியாதி. மாத்திரை எழுதித் தாரேன். இனிப்பைக் கண்ணாலயும் பாக்கக் கூடாது. சக்கரை எறங்கலன்னா தினம் ஊசி. புண்ணு ஆறலன்னா அந்த விரலை எடுக்க வேண்டி வரும். அதுவரைக்கும் அடுப்புக்கிட்ட அதிக நேரம் நிக்காதீங்க."

லத்தீப் ஊசிக்கும் பயந்தார், விரலுக்கும் பயந்தார். ஆனால் முகம் செத்துப்போனது கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான். அவர்களுக்கு ஒரே மகள், மெஹராஜ். ரஜப் மாதம் பிறை இருபதில் அவளுக்கு நிக்காஹ். அவள் பிறந்த அன்றைக்கே, "இவ கல்யாணத்துக்கு வேற எவனும் அகப்பையத் தொடக் கூடாது, அத்தா கைதான்" என்று ஜமாத் முழுக்கச் சொல்லி வைத்தவர் அவர். இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சர்புன்னிசாவும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். மனுசன் ஒத்தைக் காலில் நொண்டிக்கொண்டு, யாரோ ஒரு பண்டாரி சமைக்கிற சோற்றை மகள் கல்யாணத்தில் உட்கார்ந்து தின்பதா? அதைவிட விரல் போனாலும் போகட்டும் என்று நிற்பாரே!

மறுநாள் சாயங்காலம் கம்பவுண்டர் சுருளிவேல் சைக்கிளில் வந்தான். தினம் நீரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டாம், வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம் என்று சாமான் கொண்டுவந்திருந்தான். ஒரு சீசாவில் நீலத் தண்ணீர், இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு இடுக்கி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. கொல்லையில் துவைக்கிற கல்மேல் எல்லாவற்றையும் பரப்பினான்.

"அக்கா, நல்லாப் பாத்துக்கங்க. நீலத் தண்ணி இந்தக் கோடு வரைக்கும். பாயோட நீரு எட்டே எட்டுச் சொட்டு. ஏழும் ஆகாது, ஒம்போதும் ஆகாது. வெளக்குல காட்டிக் கொதிக்க விடணும். குழா வாய ஆளு பக்கம் திருப்பிறாதீங்க, பீச்சியடிச்சுரும்."

"பெறகு?"

"நீலமாவே நின்னா சக்கரை இல்ல. பச்சைன்னா லேசா இருக்கு. மஞ்ச, ஆரஞ்சுன்னு போச்சுன்னா கூடிக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். கடைசில செங்கல் நெறம். செங்கல் வந்துருச்சுன்னா..."

அவன் முடிப்பதற்குள் குழாயில் செங்கல் வந்துவிட்டது.

"அடேயப்பா!" என்று லத்தீப் எட்டிப் பார்த்தார். "சூளையே வச்சிருக்கேன்டா உள்ளுக்குள்ள. மாடி வீடு கட்டலாம் போலருக்கே."

"சிரிங்க, நல்லாச் சிரிங்க" என்றாள் சர்புன்னிசா. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சேதி தெருவில் பரவிற்று. பிறகு கேட்க வேண்டுமா? வந்தவர் போனவர் எல்லாம் வைத்தியர் ஆனார்கள். ஆவார இலை என்றார் ஒருத்தர். கோவை இலை என்றார் இன்னொருத்தர். பால் ஊற்ற வந்தவர் வேப்பங்கொழுந்து என்றார். அவர் கழுதைப் பாலும் சொன்னார், அதை இங்கே விட்டுவிடலாம். லத்தீப்புக்குக் கொத்தமல்லி புதினா கொண்டுவந்து போடுகிற ஒச்சம்மாள் சிறுமலை அடிவாரத்துக்காரி. அவள் கூடையை இறக்கி வைத்து, "ராவுத்தரம்மா, எங்கூரு வேலியில சிறுகுறிஞ்சான்னு ஒரு கொடி படந்து கெடக்கு. சக்கரை நோவுக்கு அதத்தான் பறிப்பாக. எம்புட்டு வேணும்னாலும் கொண்டாந்து தாரேன்" என்றாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் காச்சிக் குடு, ஒரே மடக்குல குடிச்சுத் தொலையிறேன்" என்றார் லத்தீப்.

"அது பிரியாணி இல்ல, எல்லாத்தையும் ஒண்ணாப் போட. நாலையும் ஒண்ணாக் கொதிக்க வச்சு நல்லா வந்துச்சுன்னா எந்த எலையால நல்லா வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நேரத்துக்கு ஒரு எலை. பத்து நாளு. அடுத்த பத்து நாளு அடுத்தது. டாக்டர் மாத்திரையும் நிக்கக் கூடாது."

சோதனையைப் பார்க்க வந்திருந்த சுருளிவேல் அவளைப் புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "அக்கா, நீங்க ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய ஆளு."

"இங்க இருக்கிறதே ஆஸ்பத்திரியாத்தானப்பா போச்சு" என்றாள்.

பண்டாரி தராசைத் தொடாதவர். பண்டாரி பெண்டாட்டி தராசை விட்டுக் கையை எடுக்காதவள் ஆனாள். ஒரு பலம் இலை நிறுத்துக் கழுவி, அம்மியில் நைத்து, மண்சட்டியில் இரண்டு உழக்குத் தண்ணீர் விட்டு, அது ஒரு உழக்காகச் சுண்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மல்லுத் துணியில் வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பாள். இலை மாறுமே ஒழிய அளவு மாறாது. அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. சோதித்ததை எப்படி ஞாபகம் வைப்பது? கொல்லைக் கதவு ஆணியில் ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிட்டாள். மெஹராஜ் கல்யாண ரவிக்கைகளுக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்த நூல் பெட்டி வீட்டில் இருந்தது. குழாயில் என்ன நிறம் வருகிறதோ அந்த நிறத்தில் ஒரு துண்டு நூலை எடுத்து, தினம் ஒரு முடிச்சு. செங்கலுக்குக் காவி.

"எம்மா, காவி நூலு பூராவும் தீந்துருச்சு. ரவிக்கையில பூவுக்குக் காம்பு போட நூலு இல்ல" என்று மெஹராஜ் சண்டைக்கு வந்தாள்.

"ஒங்க அத்தாகிட்டக் கேளு."

ஆவார இலைக்குப் பத்து முடிச்சும் காவி. கோவை இலைக்கு ஒன்பது காவி, ஒரு ஆரஞ்சு. வேப்பங்கொழுந்துக்கு மறுபடியும் காவியே. ஐப்பசி மழை ஊற்றுகிறது, விறகு புகைகிறது, மனுசர் கசப்பைக் குடித்துவிட்டு முகத்தைக் கோணுகிறார், கயிறு மட்டும் செங்கல் செங்கல்லாக நீளுகிறது. இத்தனைக்கும் அவள் வீட்டில் ஒரு பருக்கை சீனி கிடையாது. கேப்பைக் களியும் கீரையும்தான். வெஞ்சனத்துக்கு வெண்டைக்காய், புடலங்காய். டீ கூட வெறும் டீ. அப்படியிருந்தும் எங்கிருந்துதான் வருகிறது இந்தச் சக்கரை?

புண்ணும் அப்படியே இருந்தது. ஒரு நாள் டாக்டர் அந்த விரலைத் தொட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளு பாப்போம்" என்றார். அன்றைக்கு சர்புன்னிசா தொழுகைப் பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து எழுந்து, ஒச்சம்மாள் போட்டுவிட்டுப் போன சிறுகுறிஞ்சான் இலையைத் தராசில் வைத்தாள்.

அது நாலாவது இலை. முதல் நாள் காவி. இரண்டாம் நாளும் காவி. நாலாம் நாள் ஆரஞ்சு. ஆறாம் நாள் மஞ்சள். எட்டாம் நாள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது பச்சை! கிளிப் பச்சை!

"மெஹராஜு! ஏ மெஹராஜு! ஓடியா, பச்சை நூலு எடுத்துட்டு ஓடியா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொருத்தருக்கும் காட்டினாள். அது என்ன தண்ணீர் என்று தெரியாமல் ஒரு அம்மாள், "சர்பத்தா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது.

சிரிக்காதவர் லத்தீப் ஒருத்தர்தான். அது அவளுக்கு விளங்கவில்லை. பச்சையைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நாளாகவே மனுசர் வாயடங்கிப் போயிருந்தார். சாப்பாட்டில் குறை சொல்வதில்லை, பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையை வைத்து அதில் என்ன போடவில்லை என்று கண்டுபிடிப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த லத்தீப் இவர் இல்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள" என்பார்.

கார்த்திகை பாதியில், தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளி முகமது பாரூக் வீட்டில் கல்யாணம். ஒரு வருசத்துக்கு முன்பே ஒத்துக்கொண்டது, மறுக்க முடியாது. முடிச்சு முடிச்சாகப் பச்சை வந்துகொண்டிருந்ததால் டாக்டரும், "உக்காந்துகிட்டுச் சொல்லிக் குடுங்க, கால்ல துணி கட்டிக்கங்க" என்று ஒரு நாளுக்கு மட்டும் விட்டார். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, கசாயத்தைக் குடித்துவிட்டு, லத்தீப் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் முகமது பாரூக்கே வீடு தேடி வந்து நின்றார். கோபத்தில் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"லத்தீப் பாய், ஒமக்கும் எனக்கும் என்ன பகை?"

"என்னாச்சு?"

"ஜர்தா! ஜர்தாவத்தான் சொல்றேன்! பிரியாணி அமிர்தம், அதுல குத்தமில்ல. அந்த இனிப்புச் சோத்துல என்னய்யா போட்டீரு? வாயில வச்ச ஆளு அம்புட்டுப் பேரும் தண்ணி தண்ணின்னு எந்திரிச்சுட்டான். சம்பந்தி பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பந்தல்ல எறும்பு, ஊருல உள்ள எறும்பு பூராவும். மூணு தடவ சீனி கேட்டு ஆள் அனுப்பினீராமே? அரை மூட்டை சீனியய்யா!"

"சீனி மட்டம்" என்றார் லத்தீப். "கடைக்காரன் ரவையக் கலந்துட்டான். போடப் போட இனிப்பு ஏறவே இல்ல."

"அதே மூட்டைச் சீனியிலதான் வீட்டுல டீ போட்டாக. நல்லாத்தான் இருந்துச்சு."

பாரூக் சத்தம் போட்டு ஓய்ந்து போனார். அவர் போனதும் லத்தீப் கொல்லைப் பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். சர்புன்னிசா பின்னாலேயே போனாள். அத்தனை பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"சர்பூ, எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. என் நாக்கு செத்துப்போச்சு."

"என்ன பேச்சு இது?"

"ரெண்டு வாரமா ஆச்சு. சீனியப் போட்டா மண்ணத் தின்ன மாதிரி இருக்கு. உப்பு தெரியுது, காரம் தெரியுது, இனிப்பு மட்டும் செத்துப்போச்சு. வெளிய சொன்னா நாளைக்கு எவன் நம்மள அடுப்புக்குக் கூப்பிடுவான்? விரலு போனாக்கூட ஒரு கட்டைய ஊனிக்கிட்டுச் சமைப்பேன். நாக்குப் போன பண்டாரிக்கு என்ன இருக்கு? எம்மக கல்யாணத்துக்கு நான் என்னத்தப் போயிச் சமைக்க?"

சர்புன்னிசா மனசுக்குள் நாளை எண்ணினாள். இரண்டு வாரம் என்கிறாரே, இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டில் எது புதுசாக வந்தது? விறுவிறுவென்று உள்ளே போனாள். முறத்தில் கிடந்த சிறுகுறிஞ்சான் இலை நாலைந்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள். குமட்டியது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். பக்கத்து வீட்டில் ஒரு கை சீனி வாங்கி வாயில் போட்டாள்.

மண். அசல் ஆற்று மணல்.

சர்புன்னிசா முற்றத்தில் நின்றபடி சிரிக்க ஆரம்பித்தாள். மெஹராஜ் பயந்துபோய் ஓடிவந்தாள். அவள் வாயிலும் இலையைத் திணித்தாள். அவளும், "எம்மா! சீனி எங்கம்மா போச்சு?" என்று கூத்தாட, இரண்டு பேரும் சேர்ந்து லத்தீப்பின் வாயில் சீனியைக் கொட்டினார்கள். அன்றைக்குப் பாரூக் வந்த கலவரத்தில் அவர் இன்னும் கசாயம் குடிக்கவில்லை. வாயில் விழுந்த சீனி இனித்தது. கண்ணை அகல விரித்தார்.

"இனிக்குது சர்பூ! அல்லாவே, இனிக்குது!"

"நாக்கு சாகல. எலை அத செத்த நேரம் தூங்க வச்சிருக்கு, அம்புட்டுத்தான்."

அந்த நேரம் பார்த்துக் கூடையோடு ஒச்சம்மாள் வந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டு அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அது எங்கூருல ஆடு மேய்க்கிற புள்ளைகளுக்கெல்லாம் தெரியுமே. அதத் தின்னா வெல்லம் சப்புனு போயிரும்."

"ஏன்டி, அத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே, தாயி" என்றாள் ஒச்சம்மாள்.

மறுபடியும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் சர்புன்னிசாவுக்குச் சுரீர் என்றது. மெதுவாகப் புருசன் பக்கம் திரும்பினாள்.

"ஆமா... வீட்டுல ஒரு பொட்டுச் சீனி கெடையாது. நேத்தைய விட்டா ரெண்டு வாரமா உங்களுக்குக் கல்யாண வேலையும் கெடையாது. இனிப்பு மண்ணா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

லத்தீப் வானத்தைப் பார்த்தார். சிறுமலைமேல் மேகம் இறங்கியிருந்தது, அதைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் விடவில்லை. கொல்லையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். கவிழ்த்து வைத்திருந்த தேக்சாக்களில் பெரியதன் பக்கம் புல் முளைக்காமல் தரை தேய்ந்திருந்தது. ஈயப் பூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்று தினம் மனுசர் அங்கேதான் போய் வந்தார். மெஹராஜும் அவளும் சேர்ந்து தேக்சாவைப் புரட்டினார்கள். உள்ளே ஒரு பிஸ்கட் தகரம். தகரத்தில் கடலை மிட்டாய், சீனி மிட்டாய், இரண்டு வட்டுக் கருப்பட்டி.

"ஈயமா பாத்தீக! ஈயம்!" அவள் தகரத்தை ஆட்டினாள். "அந்த முப்பது நாளும் இங்க வந்து இதத் தின்னுட்டுத்தான் எங்கிட்ட எட்டுச் சொட்டுக் குடுத்தீகளா? ஆவாரத்தத் திட்டினேன், கோவைய உதவாக்கரைன்னேன், வேம்பக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டினேன்! வாயில்லாத எலைக மேல பழியப் போட்டேனே, அதுககிட்டப் போயி யாரு மன்னிப்புக் கேக்கிறது?"

"கசாயம் கசந்துச்சு சர்பூ, அதான் ஒரு கடிக்கு..."

"ஒரு கடியா! வட்டுல பாதியக் காணோம்!"

"நாலாவது எலைக்கு அப்புறம் தொடல. அது மண்ணா இருக்கையில எவன் திம்பான்?"

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். இரண்டு பேரும் கயிற்றைப் பார்த்தார்கள். அப்படியென்றால் அந்தப் பச்சை, இலை உள்ளே போய்ச் செய்த வேலையா, இல்லை இவர் தகரத்தைத் தொடாததால் வந்ததா?

சாயங்காலம் வந்த சுருளிவேலிடம் அவள் அதையே கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "ஒரே ஆள வச்சு ஒண்ணும் தீர்மானமாச் சொல்ல முடியாதுக்கா. நூறு பேர வச்சுப் பாக்கணும்."

"நூறு பேருக்கு நான் எங்க போவேன்? எனக்கு இருக்கிறது ஒத்தப் புருசன். இவர வச்சு முடிஞ்ச மட்டும் பாக்குறேன்."

அவள் பழைய கயிற்றைக் கழற்றினாள். புதுக் கயிறு கட்டினாள். பத்து நாள் இலையும் கிடையாது, தகரமும் கிடையாது. தேக்சாவெல்லாம் மல்லாந்து கிடந்தது. நூல் பெரும்பாலும் பச்சை, ஒன்றிரண்டு மஞ்சள். அடுத்த பத்து நாள் இலை உண்டு, தகரம் கிடையாது. பச்சை, பச்சை, பிறகு ஒரு நாள் குழாயில் ஊற்றிய நீலம் அப்படியே நின்றது. கொதிக்கக் கொதிக்க நின்றது. அன்றைக்குக் கயிற்றில் முதல் நீல நூல் ஏறியது.

டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எலை செஞ்சதோ, வாயக் கட்டினது செஞ்சதோ, ரெண்டையும் விடாதீங்க. மாத்திரையையும் விடாதீங்க" என்றார். விரலைப் பார்த்தார். புண் காய்ந்து பொருக்கு விட்டு, சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. "இந்த விரலு இனிமே உங்களுக்குத்தான். போயி மகளுக்குச் சமைங்க பாய்."

ரஜப் பிறை இருபது. மார்கழிப் பனியில் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் ஏழு அடுப்பு எரிந்தது. சுபுஹு முடிந்ததும் லத்தீப் தாமே வந்து கசாயச் சொம்புக்குக் கை நீட்டினார்.

"இன்னைக்கு வேணாமே. ஜர்தா கிண்டணும், நாக்கு வேணும்ல?" என்றாள் அவள்.

"குடு. மூணு மூட்டை சீனி கண்ணு முன்னால கெடக்கும். நாக்கு முழிச்சுக்கிட்டு இருந்தா என் கை சும்மா இருக்காது. என்னய எனக்குத் தெரியும்."

"அப்ப ஜர்தாவுக்கு ருசி யாரு பாக்கிறது?"

"நீ பாரு."

சர்புன்னிசா கேட்டது சரிதானா என்று நின்றாள். பண்டாரி அடுப்புப் பக்கம் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. அவர் சமைத்த ஆயிரம் கல்யாணத்தில் ஒன்றில்கூட அவள் தேக்சாவை எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகளை அலங்கரிக்கிற கூட்டத்தை விட்டு எழுந்து போனாள். விறகு தள்ளுகிற ஆட்கள் திகைத்து ஒதுங்கினார்கள். சீரகச் சம்பா தம்மில் கிடந்தது. ஜர்தா தேக்சாவில் நெய் மினுங்கியது. லத்தீப் பிஸ்மில்லா சொல்லிச் சீனியை அள்ளிப் போட்டார், அகப்பையில் எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டார்.

"எப்படி?"

"போதும்."

"போதுமா? பாதிகூடப் போடலையே! விளையாடாத புள்ள, ஊரு கூடி வருது."

"எனக்குப் போதும்னு தோணுது."

"சர்பூ, ஒரு கணக்கு இருக்கு இதுக்கு. பாரூக் பாய் வந்து உக்காருவாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து உக்காருவான். இனிப்புக் கொறஞ்சா என் மானம் போகும்."

"உங்க நாக்க நீங்க இருபத்திரண்டு வருசமா நம்பினீகள்ல? என் நாக்க இன்னைக்கு ஒரு நாளு நம்புங்க."

விறகுக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லத்தீப் கையில் இருந்த சீனியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சீனியை மூட்டைக்குள்ளேயே திரும்பக் கொட்டினார்.

பந்தி நடக்கும்போது மனுசர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். முகமது பாரூக் பயந்து பயந்து ஒரு விரலால் ஜர்தாவைத் தொட்டு நக்கினார். பிறகு இலையை வழித்தார். பிறகு கையைத் தூக்கினார். "இன்னொரு கரண்டி போடச் சொல்லும் பாய். இம்புட்டு வருசமா இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீரு?"

"தேக்சாவுக்கு அடியில" என்று பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மெஹராஜை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்று தெரு தள்ளித்தான், இருந்தாலும் அழுதார்கள். பந்தல் காலியானது. லத்தீப் கவிழ்த்த தேக்சாமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சர்புன்னிசா ஒரு சின்னக் கிண்ணத்தை மூடிக்கொண்டு வந்தாள். தேக்சாவில் அடிப்பிடித்ததைத் தவிர மிஞ்சியது அவ்வளவுதான்.

"ஒரே ஒரு கரண்டி. நாளைக்கும் கேட்டீகன்னா கரண்டியாலயே போடுவேன்."

இலையின் பிடி எப்போதோ விட்டிருந்தது. அவர் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். தன் கைப்பக்குவத்துக்கு அந்த மனுசர் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் கல்யாணப் பெண் மாதிரி காத்து நின்றாள்.

"இத்தனை வருசமா ஊரு வாயில வெறும் சீனிப்பாகத்தான் ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன் சர்பூ. அரிசி வாசம் தெரியுது இதுல. நெய் வாசம் தெரியுது." பிறகு, "ம்" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

மறுநாள் காலையில் மெஹராஜும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தபோது, மாமியார் கொல்லையில் ஸ்பிரிட் விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். மாமனார் பக்கத்தில் கைகட்டி நின்றார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, மெஹராஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாய் கொதித்தது. நீலம் கலங்கியது, மெல்ல வெளுத்து லேசான பச்சைக்கு வந்து நின்றது.

"அந்த ஒரு கரண்டி தெரியுது பாருங்க" என்றாள் சர்புன்னிசா.

"பச்சைதானே? செங்கல் இல்லல்ல?"

"பச்சைதான். ஆனா இந்த ஒரு முடிச்சு சோதனையில சேராது. இது எம்மக கல்யாணம்" என்று சொல்லி, நூல் பெட்டியில் மெஹராஜின் ரவிக்கைக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த பச்சைப் பட்டு நூலை எடுத்து, கயிற்றுக்குப் பக்கத்தில் ஆணியில் தனியாகக் கட்டினாள்.